கொட்டியாரக் குடாவின் அக்கரைச் சுவர்கள்

திருகோணமலை நகரம் பாறையில் இருக்கிறது. சுவாமி மலை, உவர்மலை, துறைமுகத்தைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகள் எல்லாமே அலவாங்கு போட்டால் பொறி பறக்கும் கல். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1803இல், பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் வந்தது. கோயிலுக்குப் போகும் நாம் எல்லோரும் அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறோம். வாசற் கல்லில் உள்ள இரட்டைக் கயலைப் பார்ப்போம். மதிலைப் பார்ப்பவர்கள் குறைவு. கடற்காற்றும் உப்பும் வெயிலும் தின்றும் அது நிற்பதற்கு ஒரு காரணம் கட்டியவர்களின் கெட்டித்தனம். அதைவிடப் பெரிய காரணம் அடியில் உள்ள பாறை கோடையிலும் மாரியிலும் அசையாமல் கிடப்பது.

குடாவின் மறுகரையில் கதை வேறு. அங்கே மூதூரும் கட்டைபறிச்சானும் சேனையூரும் சம்பூரும் இருக்கின்றன. மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து காலங்காலமாக இழுத்து வந்து கொட்டிய மண் அந்தப் பக்கம். கடலோரம் மணல், மேட்டில் செம்மண், வயலோரம் களி. ஒரே ஊரில் இரண்டு வளவு தள்ளி மண் மாறிவிடும். இதைக் கமக்காரப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நெல்லுக்கு மண் பார்க்கும் நாங்கள் வீட்டுக்கு மண் பார்ப்பதில்லை.

நகரிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போவது முன்பு பெரும்பாடு. கிண்ணியாவில் பாதை வரும்வரை காத்திருந்து, வாகனத்தோடு ஏறி, அக்கரை சேர வேண்டும். 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தக் காத்திருப்பு முடிந்தது. இப்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்தால் வீடு கட்டும் சாமான்களின் கதை முழுவதையும் வழியிலேயே பார்க்கலாம். சீனக்குடாவில் 1984இலிருந்து டோக்கியோ சீமெந்து ஆலை இயங்குகிறது. கப்பலில் வந்திறங்கும் கிளிங்கர் கட்டிகளை அங்கே அரைத்துச் சீமெந்தாக்குகிறார்கள். பாலம் தாண்டினால் உழவு இயந்திரப் பெட்டிகளில் கங்கை மணல். அதன்பின் வீதியோரங்களில் வெயிலில் அடுக்கிய சீமெந்துக் கற்கள்.

சீமெந்து என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் உள்ளூரிலேயே கிடைத்தது. களி மட்டும் மன்னார் முருங்கனிலிருந்து போனது. கோடையில் கால் புதையும் அளவுக்குப் பிளக்கும் அதே முருங்கன் களி! சுவரை வெடிக்க வைக்கும் மண்ணும், சுவரைக் கட்டும் சீமெந்தில் பாதிக் கதையும் ஒன்றுதான்.

சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஏறக்குறையப் பத்து வருடம். 2015இலும் 2016இலும் காணிகள் திரும்பக் கிடைத்தபோது வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை. கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தான் பலர் தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள். இதை எழுத வைத்த வீடும் அப்படி ஒரு வளவில்தான் நிற்கிறது. வேம்பு ஒன்று மட்டும் மிஞ்சியிருந்த வளவு. வீட்டுக்காரி கணவனை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். பெயர் வேண்டாம் என்றார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

ஆவணி மாதம் நான் போனபோது கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முன் அறை யன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் படிபடியாக ஒரு வெடிப்பு. கீழே மயிர் அளவு, மேலே போகப் போக என் சின்ன விரல் நுழையும் அகலம். "ரெண்டு தரம் பூசிப்போட்டன். மாரிக்கு மூடும், கச்சானுக்குத் திரும்பத் திறக்கும்," என்றார் அக்கா. இரண்டாவது பூச்சுக்கு நுண்கடன் எடுத்திருந்தார். கிழமைக்கிழமை கட்ட வேண்டிய கடன். பூச்சு விழுந்துவிட்டது, கடன் விழவில்லை. வந்து பார்த்த ஒரு ஒப்பந்தக்காரர் அந்தச் சுவரையே இடித்துக் கட்ட வேண்டும், வேம்பையும் தறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுவரைப் பற்றி அக்கா பெரிதாகப் பேசவில்லை. வேம்பைப் பற்றித்தான் பேசினார். அவர் கலியாணம் முடித்து வந்த வருடம் மாமியார் நட்ட மரம் அது.

அன்று அங்கே வந்திருந்த வயதான மேசன் ஐயா சுவரைத் தொடவே இல்லை. வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு குசினி மூலையில் போய்க் குந்தினார். பாத்திரம் கழுவும் தண்ணீர் சுவரடியால் ஓடி வாழைக்குப் போகிறது. அந்த இடம் ஆவணியிலும் சதசதவென்று இருந்தது. முன் மூலையில், வேம்படிப் பக்கம், தரை காய்ந்து பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கயிறு மாதிரி உருட்டினார். அறாமல் மெல்லிசாக வந்தது. "நல்ல களி பிள்ளை. உன்ர வீட்டுக்கு ஒரு காலில் ஈரம், மற்றக் காலில் வறட்சி. சுவர் என்ன செய்யும்?"

களியின் குணமே இதுதான். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை வெயிலும் கச்சானும். வீட்டின் நடுப்பகுதி மண் மூடியிருப்பதால் அவ்வளவாகக் காயாது. சுற்றுவிளிம்பு காய்ந்து இறங்கும். மூலை இறங்கும்போது சுவர் சாய்வாக, மேலே அகலமாகக் கிழியும். யன்னல் மூலையும் கதவு மூலையும் சுவரின் பலவீனமான இடங்கள், அங்கேதான் தொடங்கும். பெரிய மரத்தின் வேர் அடியில் இருந்தால் காய்ச்சல் இன்னும் ஆழம் போகும். இது எங்கள் ஊர் வியாதி மட்டுமல்ல. தமிழ்நாட்டில் கரிசல் மண் பகுதிகளிலும் இதே பாடுதான். இந்தியாவில் ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென்றே அடியில் குமிழ் வைத்த தூண் அத்திவாரத்தை உருவாக்கினார்கள். 1976இல் இங்கிலாந்தில் பெரும் வரட்சி வந்தபோது களித்தரையில் நின்ற வீடுகள் அங்கேயும் வெடித்தன.

எல்லா வெடிப்பும் இந்த வெடிப்பு அல்ல. பூச்சில் மட்டும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் என்றால், கலவையில் சீமெந்து கூடிவிட்டது அல்லது பூசிய பிறகு தண்ணீர் காட்டவில்லை. அது பயமில்லை. பழைய சுவரும் பின்னர் இழுத்துக் கட்டிய குசினிச் சுவரும் சேரும் இடத்தில் நேராக நிற்கும் வெடிப்பு, இரண்டையும் கோர்த்துக் கட்டாததால் வந்தது. கூரைக்குக் கீழே படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதால். பீமின் அடியில் பூச்சு பொருமி, மண்ணிறக் கறை இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. கடல் மணல் போட்ட வீடுகளில் இது விரைவில் வரும். சாய்வாகப் போய், 5 மில்லிமீற்றருக்கு மேல் திறந்து, வருடாவருடம் பெருப்பதுதான் அத்திவாரத்தின் குரல். கதவு நிலை கோணி, கதவு சாத்த மறுத்தால் அதையும் கணக்கில் எடுங்கள். சுவர் செங்குத்தை விட்டு வெளியே சாயத் தொடங்கினால் பிள்ளைகளை அந்த அறையில் படுக்க வைக்காமல், தாமதிக்காமல் பிரதேச சபையின் அல்லது பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

மேசன் ஐயா தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். சுவர் சாயவில்லை. பிறகு அக்காவின் மூத்த மகளிடம் பென்சில் வாங்கி, வெடிப்பின் இரு பக்கமும் மூன்று இடங்களில் கோடு போட்டு, இடைவெளியை அளந்து, பக்கத்தில் திகதி எழுதினார். "தைப்பொங்கலுக்குப் பிறகு திரும்ப அளக்கோணும். அதுவரைக்கும் சுவரில ஒரு கரண்டி சீமெந்தும் வைக்கப்படாது." வேம்பைப் பற்றிக் கேட்டோம். தறிக்க வேண்டாம் என்றார். வேர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் தறித்தபின் களிக்குள் நிற்கும், மண் உப்பி வீட்டைக் கீழிருந்து தள்ளும். ஒவ்வொரு பங்குனியிலும், கோடை பிறக்க முன், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் மரம் குடிக்கும் தண்ணீர் குறையும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

அந்த ஆவணிக்கும் மாரிக்கும் இடையில் செய்த வேலை எல்லாம் நிலத்தில்தான். குசினித் தண்ணீரைக் குழாய் போட்டுப் பத்தடிக்கு அப்பால் கொண்டுபோனார்கள். வாழையும் அங்கே இடம் மாறியது. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கல் பரப்பி, மேலே கொங்கிறீற் போட்டு, அடிக்கு அரை அங்குலம் வெளியே சரியும்படி தளம். தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிறு இடைவெளி விட்டுத் தார் நிரப்பினார்கள், ஒன்றை ஒன்று இழுக்காமல் இருக்க. கூரைத் தண்ணீருக்குப் பீலி வைத்து வாய்க்காலில் விட்டார்கள். கல்லும் மணலும் சுமந்தது அக்காவும் மாதர் சங்கத்துப் பெண்கள் நான்கு பேரும். ஒருவர் வீட்டில் மற்றவர்கள் முறை வைத்துக் கை கொடுப்பது. கூலி மிச்சம். அந்தத் தளம் மாரியில் மண் தளதளக்காமலும் கோடையில் பிளக்காமலும் சுவரடியை ஏறக்குறைய ஒரே ஈரத்தில் வைத்திருக்கும்.

தையில் அளந்தபோது இடைவெளி குறைந்திருந்தது. மாசியிலும் அதே அளவு. அதற்குப் பிறகுதான் சாந்தகப்பை எடுத்தார். வெடிப்பின் இரு பக்கமும் பூச்சை ஆறங்குலம் கொத்தி எடுத்து, கற்களுக்கு இடையிலான சாந்தை இரண்டு வரிக்கு ஒன்றாகச் சுரண்டி, துத்தநாகம் பூசிய மெல்லிய கம்பியை இரு பக்கமும் ஓரோர் அடி போகும்படி வைத்துத் தைத்தார். தையல் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், கிழிந்த துணிக்குப் போடும் அதே குறுக்குத் தையல். மேலே கோழிக்கம்பி வலை அடித்துப் பூச்சு. கலவை ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய கங்கை மணல். சீமெந்து கூடினால் உறுதி கூடும் என்பது எங்கள் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. களித்தரையில் நிற்கும் சுவருக்குச் சற்று நெளியக்கூடிய பூச்சுத்தான் வேண்டும். சுண்ணாம்பு அந்த நெளிவைக் கொடுக்கும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் பூசினால் சீமெந்து இறுகுவதற்குள் தண்ணீரைச் சுவரும் காற்றும் உறிஞ்சிவிடும். அதிகாலையில், நிழல் விழும் பக்கத்தில் தொடங்க வேண்டும். முதல் நாள் பின்னேரமே சுவரை நனைத்துவிட வேண்டும். பூசிய பிறகு ஏழு நாள் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, காய விடாமல் காலை, மதியம், மாலை தண்ணீர் காட்ட வேண்டும். மேசன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்த ஏழு நாள் வேலை வீட்டுப் பெண்ணுடையது, காசும் செலவில்லை. மணல் வாங்கும்போது ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். சில மணி நேரத்தில் மேலே படியும் சேறு தடிப்பாக இருந்தால் அந்த மணலைத் திருப்பி அனுப்பலாம். அப்படிக் கேட்டால் சில லொறிக்காரர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இனித்தான் கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது, பயனாளியே முன்னின்று கட்ட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட உதவிகளில் முதற்கட்டப் பணத்தில் சிக்கனம் பிடிக்க மனம் சொல்லும். அத்திவாரம் மண்ணுக்குள் மறைந்துபோகும் என்பதால் ஒன்றரை அடியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. களி என்றால் மூன்றடியாவது இறங்க வேண்டும், அத்திவாரத்தின் மேல் வீடு முழுதும் சுற்றி வரும் கம்பி போட்ட பீம் வேண்டும். வீட்டைச் சிறிதாக்கலாம், அறை ஒன்றைப் பிறகு கட்டலாம். குழியைச் சிறிதாக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த வீடுகளில் வெடிப்புத் தெரிந்தால் ஒரு கோடையும் ஒரு மாரியும் அளந்து பார்த்த பின்னரே பூசுவது நல்லது.

அடுத்த கச்சானுக்கு அந்த வீட்டுக்குப் போனேன். பென்சில் கோடுகளைப் பூச்சு மூடிவிட்டதால் மகள் புதிய பூச்சின் மேலேயே திரும்பக் கோடு போட்டிருந்தாள். மேல் மூலையில் நூல் அளவில் ஒரு கீறல் தெரிந்தது, விரல் நுழையவில்லை. மேசன் ஐயா அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும் என்றாராம். கடனில் இன்னும் நான்கு தவணை இருந்தது. பங்குனியில் கழித்த வேப்பங்கிளைகளை அக்கா குசினிக்குப் பின்னால் விறகாக அடுக்கி வைத்திருந்தார்.