கழுதைக் காதுகள்

வால்ட் டிஸ்னியின் ‘பினோக்கியோ’ 1940 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. ‘ஸ்னோ வொய்ட்’ (1937) பெற்ற பெருவெற்றிக்குப் பின் அந்நிறுவனம் எடுத்த இரண்டாவது முழுநீளச் சித்திரப்படம் அது. ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்ட காலம். அங்குள்ள திரையரங்குகளின் வருவாய் கைக்கு எட்டாமற் போயிற்று. முதல் வெளியீட்டில் போட்ட பணமே திரும்பவில்லை. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படம் சாகாமல் இருக்கிறது. குழந்தைகள் அதைப் பார்த்து வாய்பிளந்து மயங்குகிறார்கள். அதே குழந்தைகள் ஒரு கட்டத்தில் முகத்தைத் தாயின் மடியில் புதைத்துக்கொள்கிறார்கள். நரை கண்டவர்களும் பிற காட்சிகளை மறந்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறக்காமல் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். மயக்குவதும் அச்சுறுத்துவதும் ஒன்றேயாக இருக்குமோ என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு.

கதை பலர் அறிந்ததே. ஜெப்பெட்டோ என்னும் முதிய மரச்சிற்பி ஒரு பையனின் வடிவில் மரப்பாவை செய்கிறார். பிள்ளையில்லாத அவர், இரவில் விண்மீனை நோக்கி, இது மெய்யான பிள்ளையாகக் கூடாதா என்று ஏங்குகிறார். நீல உடை அணிந்த தேவதை வந்து பாவைக்கு உயிரூட்டுகிறாள். ஆனால் மனிதப் பிள்ளையாக்குவதில்லை. துணிவும் உண்மையும் தன்னலமின்மையும் உள்ளவன் என்று மெய்ப்பித்தால் அந்தப் பேறு கிட்டும் என்கிறாள். அதாவது, அவன் பாதி படைக்கப்பட்டவன். மீதி அவன் கையில்.

படத்தின் முதற்பகுதி கண்ணுக்கு விருந்து. பட்டறைச் சுவர் முழுவதும் கடிகாரங்கள். ஒவ்வொன்றிலும் மரப்பொம்மைகள் வெளிவந்து மணியடிக்கின்றன. பூனைக்குட்டி முகம் சுளிக்கிறது, தொட்டியில் பொன்மீன் வெட்கப்படுகிறது. விடியற்காலையில் ஊரின் கூரைகளுக்கு மேலாகப் புறாக்களோடு நாமும் பறந்து தெருவில் இறங்குவதுபோன்ற காட்சி ஒன்று உண்டு. படங்களைப் பல அடுக்குகளாக வைத்து மேலிருந்து ஒளிப்பதிவு செய்யும் கருவியைக் கொண்டு அதை எடுத்தார்கள். கணினி என்பதே இல்லாத காலத்தில் ஒவ்வோர் ஓவியமும் கையால் வரையப்பட்டது. விண்மீனை நோக்கி விழைவதைப் பற்றிய பாடலுக்கும் படத்தின் இசைக்கும் ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன.

பாவைக்கு மனச்சான்றாக ஜிமினி என்ற சுவர்க்கோழியைத் தேவதை அமர்த்துகிறாள். மனச்சான்றைப் பற்றிக் குருமடத்தில் நாம் படித்த தடித்த நூல்களைவிட இந்தச் சிறு பூச்சி நமக்குக் கற்பித்தது மிகுதி என்றால் நம் பேராசிரியர்கள் பொறுத்தருள்க. முதல் நாளே அது உறங்கிவிடுகிறது. அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் பையன் பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே நரியிடமும் பூனையிடமும் அகப்பட்டுவிட்டான். பிறகு, அவன் மேடையில் புகழ்பெறுவதைக் கண்டு, இனி நான் எதற்கு என்று மனம் கசந்து விலகியும் போகிறது. மனச்சான்றின் குரல் இடிபோல் முழங்கும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அது குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க நம் பின்னால் ஓடிவரும் சிறு உயிர்.

இனி அந்தக் கட்டத்திற்கு வருவோம்.

இந்தப் படத்தில் கொடியவர்கள் பலர். பாவையைக் கூண்டில் அடைத்து, பயன்படாவிட்டால் விறகாக்கிவிடுவேன் என்று கோடரியைக் காட்டும் கூத்துக்காரன் ஒருவன். கப்பலையே விழுங்கும் திமிங்கலம் ஒன்று. இவர்களைக் கண்டு குழந்தைகள் நடுங்குகிறார்கள். ஆனால் விரைவில் தேறிவிடுகிறார்கள். தேறாமற் செய்வது இன்பத்தீவு. ஒரு தடித்த வண்டிக்காரன், நரியும் பூனையும் பிடித்துத் தரும் சிறுவர்களை நள்ளிரவில் வண்டியேற்றிச் செல்கிறான். எவர் காலிலும் விலங்கு இல்லை. எல்லோரும் சிரித்துப் பாடிக்கொண்டே போகிறார்கள். தீவில் பள்ளி கிடையாது, அதட்டுவார் கிடையாது. தின்னலாம், குடிக்கலாம், சுருட்டுப் பிடிக்கலாம், அழகான வீடொன்றைக் கல்லெறிந்து நொறுக்கலாம். எதற்கும் கட்டணம் இல்லை. அவ்வாறு ஆடித் தீர்த்தபின், மாடத்தில் பினோக்கியோவோடு பந்தாடிக்கொண்டிருக்கும் லாம்ப்விக் என்ற பையனுக்குக் கழுதைக் காதுகள் முளைக்கின்றன. பிறகு வால். பிறகு முகம். அவன் அறியவில்லை, சிரிக்கிறான். சிரிப்பு கனைப்பாக வெளிப்படும்போதுதான் தன் முகத்தைத் தடவிப் பார்க்கிறான். பினோக்கியோவின் சட்டையைப் பற்றி உதவி கேட்டுக் கதறும்போதே பற்றிய கைகள் குளம்புகளாகின்றன. எஞ்சியதைச் சுவரில் விழும் நிழலாக மட்டுமே காட்டுகிறார்கள். அம்மா என்று அழைக்கும் குரல் பாதியில் கனைப்பாக மாறி முடிகிறது.

நாம் இதை முதலில் பார்த்தது குருமடத்தில், வீடியோ நாடாவில். பொழுதுபோக்கென்று கூடியிருந்த வளர்ந்த குருமாணவர்களின் கலகலப்பு அந்த இடத்தில் அடங்கிப்போனதை இன்றும் நினைவுகூர்கிறோம்.

கழுதை நம்மிடையே வசைச்சொல்லாயிற்று. விவிலியத்தில் அதற்குரிய இடம் வேறு. ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்தது அதன் மீதுதான். எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதை, தன் தலைவன் காணாத வானதூதரைக் கண்டு வழிவிலகுகிறது. ஆண்டவர் அதன் வாயைத் திறக்க, அது பேசுகிறது. அங்கே விலங்குக்குச் சொல் அருளப்படுகிறது. இங்கே பிள்ளையிடமிருந்து சொல் பறிக்கப்படுகிறது. வண்டிக்காரன் ஒவ்வொரு கழுதையிடமும் பெயரைக் கேட்கிறான் என்பதைக் கவனித்தவர் சிலரே. கனைப்பவற்றைப் பெட்டியில் அடைத்து உப்புச் சுரங்கத்துக்கும் சர்க்கசுக்கும் விற்கிறான். ஒரு குட்டி மட்டும் தன் பெயர் அலெக்சாண்டர் என்றும், வீட்டுக்கு அம்மாவிடம் போகவேண்டும் என்றும் அழுகிறது. அதைத் தனியே ஒதுக்கித் தள்ளுகிறான். இன்னும் பேசுகிறதல்லவா, விலைக்குப் பக்குவப்படவில்லை.

பாவத்திற்குத் தண்டனை வெளியிலிருந்து வருகிறது என்றே மறைக்கல்வியில் சிறுவயதில் பலர் புரிந்துகொள்கிறோம்: இறைவன் கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கோலை ஓங்கி நிற்கிறார் என்று. இப்படத்தில் எவரும் கோல் ஓங்குவதில்லை. அந்தச் சிறுவர்கள் தாங்கள் விரும்பிச் செய்தவையாகவே மாறிப்போகிறார்கள். மரம் பிள்ளையாகலாம் என்ற அதே கதைதான் பிள்ளை விலங்காகலாம் என்றும் சொல்கிறது. முன்னதைக் கேட்டு மகிழ்கிற குழந்தை பின்னதைக் கேட்டு அஞ்சாமல் இருக்க இயலாது. ஒரே வாயில் இரு பக்கமும் திறக்கிறது.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அந்தச் சிறுவர்களை யாரும் மீட்பதில்லை. பினோக்கியோ இரு காதுகளும் வாலும் முளைத்த நிலையில் கடலில் குதித்துத் தப்புகிறான். லாம்ப்விக் தப்பவில்லை, அலெக்சாண்டரும் தப்பவில்லை. வண்டிக்காரன் பிடிபடுவதில்லை, அடுத்த வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருப்பான். படம் அவர்களைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் சொல்லாமல் முடிகிறது. 2022-இல் அதே நிறுவனம் நடிகர்களைக் கொண்டு இக்கதையை மீண்டும் எடுத்தபோது பையன்களின் குவளையில் மதுவுக்குப் பதிலாக வெறும் பானத்தை ஊற்றிக் காட்டியது. குழந்தைகளின் நலம் கருதித்தான் செய்திருப்பார்கள். ஆனால் தீங்கின் சுவையைத் தணித்துக் காட்டினால் வண்டியில் ஏன் அத்தனை பேர் ஏறினார்கள் என்பது விளங்காது.

பினோக்கியோ வீடு திரும்புகிறான். வீடு வெறுமையாகக் கிடக்கிறது. மகனைத் தேடிக் கடலுக்குப் போன தந்தையைத் திமிங்கலம் விழுங்கிவிட்டது என்ற செய்தியைப் புறா ஒன்று கொணர்கிறது. அவன் தயங்குவதில்லை, வாலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடியில் இறங்கித் தேடுகிறான். யோனா கடவுளின் கட்டளைக்கு அஞ்சி ஓடி மீனின் வயிற்றுக்குள் போனார். இங்கே முதலில் உள்ளே போனவர் தந்தை, அதுவும் ஓடிய மகனைத் தேடி. அவ்விருளில் இருவரும் சந்திக்கிறார்கள். தழுவிய கையில் கழுதைக் காது தட்டுப்படுகிறது. மகன் நாணுகிறான், வாலும் இருக்கிறது என்று தானே சொல்லிவிடுகிறான். தந்தை ஒரு கணம் திகைக்கிறார். பின்பு, அது கிடக்கட்டும், நீ கிடைத்தாயே, அது போதும் என்பதாக அணைத்துக்கொள்கிறார். விளக்கம் கேட்கவில்லை. காணாமற்போன மகனின் உவமையில் மகன் மனப்பாடம் செய்துவந்த சொற்களைத் தந்தை முழுவதும் சொல்லவிடவில்லை என்பதை வாசகர் நினைவுகூர்வர்.

உள்ளத்தில் நாண் இல்லாதவர் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒத்தது என்பது வள்ளுவர் கருத்து. கயிறு இல்லாமலே ஆடிய இந்தப் பாவைக்கு நாணம் வந்த இடம் திமிங்கலத்தின் வயிறு. தேவதை வந்து அவனைப் பிள்ளையாக்குவது பின்னால் நடக்கிறது; தந்தையைக் கரைசேர்த்து, நீரில் முகம் கவிழ்ந்து உயிரற்றுக் கிடந்த பிறகு. நம்மைக் கேட்டால், காதைத் தொட்ட கைக்கு அவன் மறுமொழி சொன்னபோதே பாதிக்கு மேல் பிள்ளையாகிவிட்டான்.

இக்கதையில் இவ்வளவும் இருப்பதைக் கண்டவர் நாம் மட்டும் அல்லர். 1978-இல் 33 நாள்களே திருத்தந்தையாக இருந்த அருளாளர் முதலாம் யோவான் பவுல், வெனிசின் மறைமுதுவராக இருந்தபோது, வரலாற்றிலும் கதைகளிலும் வரும் பெயர்பெற்றோர்க்குக் கற்பனை மடல்கள் வரைந்தார். அவற்றுள் ஒன்று பினோக்கியோவுக்கு. பின்னாளில் பொலோஞாவின் பேராயரும் கர்தினாலுமான ஜாக்கமோ பிஃபி, 1977-இல் இக்கதைக்கு இறையியல் விளக்கமாக ஒரு நூலே எழுதினார். மூலக்கதையை எழுதிய கார்லோ கொல்லோடி இளமையில் சில ஆண்டுகள் குருமடத்தில் பயின்றவர்தாம். ஆனால் மறையுரையாற்றும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1881-இல் சிறுவர் இதழொன்றில் தொடராக எழுதத் தொடங்கியவர், பாவையைத் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்தே விட்டார்! இளம் வாசகர்கள் விடவில்லை. மீண்டும் எழுதினார், 1883-இல் நூலாயிற்று. மனச்சான்றான அந்தச் சுவர்க்கோழியைப் பாவை சுத்தியல் எறிந்து கொன்றுவிடுவதும் மூலத்தில் உண்டு. டிஸ்னி அதைத் தொடவில்லை.

சென்ற மே மாதம் விடுமுறை விவிலியப் பள்ளியின் இறுதி நாளில் நம் பங்கு மன்றத்தில் இப்படத்தைத் திரையிட்டோம். ஆங்கில உரையாடலை உபதேசியார் இடையிடையே தமிழில் எடுத்துச் சொன்னார். முடிந்ததும் பிள்ளைகள் மிட்டாய்க்கு ஓடினார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும் ஓடவில்லை. அருகில் வந்து, “சாமி, மத்தப் பசங்கள யாரு கூட்டிட்டு வந்தா?” என்று கேட்டான்.

அவனுடைய அண்ணனுக்கு வயது 16. ஊருக்கு வந்த ஏஜெண்டு ஒருவர் தாயிடம் முன்பணம் கொடுத்து, முறுக்குப் போடும் வேலைக்கென்று வெளிமாநிலத்துக்கு அழைத்துப் போயிருந்தார். புதுச்சட்டை, புதுக் கைப்பேசி, இரயில் பயணம். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் போனான். அதன்பின் இரண்டு கிறிஸ்து பிறப்பு விழாக்கள் கடந்துவிட்டன. முதலில் வாரந்தோறும் வந்த அழைப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்றாகி, ஓராண்டாக நின்றுபோயிற்று.

படத்தில் விடை இல்லை என்பதால் மூலக்கதையில் உள்ளதை அவனுக்குச் சொன்னோம். கதையின் இறுதியில் பினோக்கியோ நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பால் வாங்குவதற்காக, தோட்டக்காரன் ஒருவனிடம் நீரிறைக்கும் சக்கரத்தைச் சுற்றுகிறான். அதுவரை அதைச் சுற்றிய கழுதை தொழுவத்தில் சாகக் கிடக்கிறது. முகம் எங்கோ பார்த்ததுபோல் இருக்கவே, குனிந்து கழுதைகளின் மொழியில் நீ யார் என்று கேட்கிறான். அது தன் பழைய பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறது. தீவுக்கு உடன் போன அதே தோழன்.

சிறுவனுக்குச் சொல்லத்தக்க முடிவா இது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நமக்கு உறுத்திற்று. அவன் சற்றுநேரம் பேசாமல் நின்றான். “அது வரைக்கும் பேரை மறக்கலையா சாமி?” என்றான். மறக்கவில்லை என்றோம்.

மறுநாள் பங்குப் பேரவை உறுப்பினர் இருவரோடும் அந்தத் தாயோடும் ஏஜெண்டின் வீட்டுக்குச் சென்றோம். முதலில் கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்பத் தட்டியபின் திறந்தது. ஊர்ப் பெயர் ஒன்றும் தொலைபேசி எண் ஒன்றும் கிடைத்தன. எண்ணை எவரும் எடுப்பதில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் கொடுத்துப் பதிவுசெய்தோம். அந்த ஊருக்கு அண்மையில் உள்ள பங்குத்தந்தைக்குப் பையனின் பெயரையும், இடப்புருவத்தின் மேலுள்ள தழும்பையும், தாயின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி ஒரு படத்தோடு அனுப்பினோம். தேடிப் பார்ப்பதாக மறுமொழி வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தம்பி திருப்பண்ட அறை வாயிலில் வந்து நிற்கிறான். கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.