பூக்காமல் இருக்கத் தெரியாத செடி

ஓசூர் பக்கம் ரோஜாவை முழம் போட்டு விற்பதில்லை. ஸ்கேல் வைத்து அளக்கிறோம். காம்பு 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு விலை, 60 என்றால் வேறு விலை. 20 பூ சேர்ந்தால் ஒரு கட்டு. வாசனை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இருந்தால்தானே!

பாகலூர் அருகே எங்களுக்கு அரை ஏக்கரில் ஒரு பசுமைக்குடில் உண்டு. வங்கிக் கடனில் எழுப்பியது. உள்ளே ‘தாஜ்மஹால்’ ரகச் சிவப்பு ரோஜா. சுமார் 900 மீட்டர் உயரமும் ராத்திரிக் குளிரும் இந்த மண்ணுக்கு வாய்த்த வரம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு சந்தை. அங்கிருந்து விமானம் ஏறி எங்கெங்கோ போகும்.

மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். சாயங்காலம் நான் பூவைத் தரம் பிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலாந்து வரலாற்றைச் சத்தமாகப் படிப்பாள். ஒருநாள் ‘ரோஜாப் போர்’ வந்தது. 1455-லிருந்து 1487 வரை நடந்த சண்டை. யார்க் வம்சத்துக்கு வெள்ளை ரோஜா, லங்காஸ்டர் வம்சத்துக்குச் சிவப்பு.

“பூவுக்காகவா அடிச்சுக்கிட்டாங்க?”

“சிம்மாசனத்துக்கும்மா. பூ வெறும் சின்னம்.”

“நம்ம ஊர் எலெக்‌ஷன் மாதிரி!”

கடைசியில் லங்காஸ்டர் பக்கத்து ஏழாம் ஹென்றி, யார்க் வம்சத்து எலிசபெத்தை 1486-இல் கல்யாணம் செய்துகொண்டார். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த ரோஜா அரச முத்திரையானது. நம் ஊரிலும் எத்தனையோ பங்காளிச் சண்டைகள் இப்படிச் சம்பந்தத்தில்தானே முடிந்திருக்கின்றன!

அதற்கடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தக் கால இங்கிலாந்து ரோஜாக்களில் பெரும்பாலானவை, வருஷத்துக்கு ஒரே தடவை, ஜூன் வாக்கில் பூத்துவிட்டு ஓய்ந்துவிடுமாம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் கப்பலேறிப் போயின. சில கல்கத்தா வழியாகப் போனதால், ‘வங்காள ரோஜா’ என்றும் பெயர் வந்தது. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் அவற்றோடுதான் போய்ச் சேர்ந்தது. இரண்டும் கலந்து, 1867-இல் பிரான்சில் ‘லா ஃபிரான்ஸ்’ என்ற ரகம் பிறந்தது. இன்று குடில்களில் வளரும் நீளக்காம்பு ரோஜாக்கள் அந்த வழியில் வந்தவைதான்.

“அப்போ, பழைய செடிக்கெல்லாம் வருஷம் முழுக்க லீவா?” என்று கேட்டேன். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

காரணம் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, விமானம் இல்லை. ஆனால் செடிக்கு ஊரடங்கு தெரியுமா? தினமும் பூத்தது. பறிக்காமல் விட்டால் பூ செடியிலேயே அழுகிப் பூஞ்சை பிடிக்கும், செடியும் கெடும். ஆகவே காலையில் பறிப்போம், மத்தியானம் குழியில் கொட்டுவோம். பறிக்க வந்த மூன்று பெண்களுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். என் வளையல்கள் அடகுக்குப் போனது அதற்குத்தான். பக்கத்துத் தோட்டக்காரர் குடிலைப் பிரித்துவிட்டு, சிப்காட்டில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது.

நாங்கள் விடவில்லை. வளையல்களை மீட்க இரண்டு பிப்ரவரிகள் ஆயின.

எங்களுக்கு வருஷம் என்பதே பிப்ரவரி 14-தான். டிசம்பரில் கவாத்து செய்துவிட்டு நாள் எண்ணத் தொடங்குவோம். ஏறக்குறைய 50 நாளில் மொட்டு தயாராக வேண்டும். முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம். பனி அதிகமானால் மொட்டு தாமதிக்கும். எங்களுக்குத் தூக்கம் போகும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்க்கும் தாஜ்மஹாலை நானும் மகளும் தலையில் வைப்பதில்லை. அதற்குக் கொல்லையில் ஒரு பன்னீர் ரோஜாச் செடி இருக்கிறது. ஸ்கேலுக்குள் அடங்காது, ஒரே நாளில் உதிரும். ஆனால் வாசல்வரை மணக்கும். அது விற்பனைக்கு இல்லை.

காதலர் தினத்தில் உங்கள் கைக்கு ஒரு சிவப்பு ரோஜா வந்தால், காம்பின் அடியைச் சாய்வாக ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, சுத்தமான தண்ணீரில் வையுங்கள். இன்னும் சில நாள் தாங்கும். அதற்குள் இங்கே அடுத்த மொட்டு ஸ்கேலுக்கு வந்திருக்கும்.