பத்துக்கு நாலு

ஊருக்குப் போய் வந்த கதையைப் பகுதி பகுதியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? சாப்பாட்டுக் கதையெல்லாம் அப்புறம். இன்றைக்கு ட்ரம்பெட் கதை.

பெண் இங்கே நியூஜெர்சியில் ஏழாம் வகுப்பு. ஸ்கூல் பேண்டில் ஆசையாய்த்தான் ட்ரம்பெட் எடுத்தாள். மேல் ஸ்வரங்கள் வந்ததும் தகராறு. நினைப்பது ஒன்று, வருவது அதற்குப் பக்கத்து ஸ்வரம். நான் சும்மா இருப்பேனா? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு... மறுபடியும் தப்பு" என்று எண்ணுவேன். (எனக்கு ஒரு ஸ்வரம்கூட ஊதத் தெரியாது!) ஊருக்குக் கிளம்புகிற அன்று, "அப்பா, செப்டம்பர்லேர்ந்து நான் பேண்ட்ல இல்லை" என்று சொல்லிவிட்டாள். பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும் என்று பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

திருவனந்தபுரத்தில், கரமனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அண்ணாச்சி. நாகர்கோவில்காரர். போலீஸ் பேண்டில் ட்ரம்பெட் வாசித்து ரிட்டயர் ஆனவர். பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் போகும்போது கூட்டத்தில் அவரைத் தேடிக் கையாட்டியிருக்கிறேன். (அந்த ஊர்வலம் விமான நிலைய ரன்வேயைக் கடந்துதான் போகும். இன்றைக்கும் அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்துகிறார்கள்.)

சத்தம் கேட்டு வந்தவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். "தம்பி, நீ கொஞ்சம் வெளிய நில்லு." வராந்தாவில் நின்று ஒட்டுக் கேட்டேன்.

"மக்ளே, இதுக்கு மூணு கட்டைதான். ஒண்ணையும் அமுக்காமலே ச, ப, மேல் ச, க, ப அஞ்சும் வரும். பிரிச்சு எடுக்கது உதடும் காத்தும். மேல போகப் போக படி நெருங்கும், அதான் தவறுது. நம்ம கொம்புக்குக் கட்டையே கிடையாது பாரு, எல்லாம் உதடுதான். முதல்ல பாடு. மனசுல இல்லாத சுருதி உதட்டுல எப்பிடி வரும்?"

பாட வைத்தார். பிறகு வெறும் மவுத்பீஸில் அதே ஸ்வரம். பிறகுதான் ட்ரம்பெட். ஒரே ஒரு ஸ்வரம், மெதுவாக. ஊதியதும் கருவியை உதட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மறுபடி வைத்து ஊத வேண்டும். இப்படிப் பத்து தடவை. தவறினால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. மேலே போச்சா, கீழே போச்சா என்று மட்டும் நோட்டில் குறிக்க வேண்டும். மவுத்பீஸை உதட்டில் அழுத்தக் கூடாது, ரத்தம் ஓடாமல் உதடு சோர்ந்துவிடும். ஊதின நேரம் அளவுக்கு ஓய்வு.

முதல் நாள் பத்துக்கு நாலு. கிளம்புகிற அன்று பத்துக்கு ஏழு. பெரும்பாலும் கீழேதான் விழுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். நான் இத்தனை மாதம் "தப்பு" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், எந்தப் பக்கம் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

விடைபெறும்போது அண்ணாச்சி என்னிடம், "அவளுக்குக் காது இருக்கு தம்பி. நீ எண்ண வேண்டாம், அவளே எண்ணிக்கிடுவா" என்றார்.

செப்டம்பரில் அவள் பேண்டில்தான் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறாள், நான் சமையலறையில் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். போன சனிக்கிழமை எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் ட்ரம்பெட்டோடு வந்தான். உள்ளேயிருந்து அவள் குரல் இங்கிலீஷில் கேட்டது: "அழுத்தாதே. முதல்ல பாடு."

அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவன் பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார் :-)