மானாமதுரைக் குடமும் குன்றக்குடித் தவிலும்

ஜனவரி 18, 2024, வியாழன்

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது. காவடிகள் பழநிக்கு நடக்கும் நாட்கள் என்பதால் ஊரில் மேளச் சத்தம் ஓயவில்லை. சாயங்காலம் குன்றக்குடி மலையடிவாரத்தில் இரண்டு தவில்காரர்கள் தனி வாசித்தார்கள். ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், பிறகு ஒன்று, பிறகு அரை, கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இருவரும் சேர்ந்து மோராவுக்குள் நுழைந்தார்கள். இந்தக் குறைப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜாஸ்தான் நினைவுக்கு வரும். அங்கேயும் சாக்ஸபோன்காரர் எட்டு பார் வாசித்தால் டிரம்ஸ்காரர் எட்டு பாரில் பதில் சொல்வார். பிறகு அதுவே நாலு நாலாகக் குறையும்.

கணக்கு வைக்கும் இடம்தான் வேறு. ஜாஸ் டிரம்ஸ்காரர் பாட்டின் மெட்டை மனதுக்குள் ஓடவிட்டு, பன்னிரண்டு பாரோ முப்பத்திரண்டு பாரோ முடியும் இடத்தைப் பிடிக்கிறார். நம்மவர் தாளத்தின் மேல் கோர்வையை மும்முறை அடுக்கிச் சமத்தில் இறங்குகிறார். இருவரும் ஒருவர் பிடியை இன்னொருவர் புரிந்துகொண்டு விட்டால் கலப்பு தானாக நடக்கும். புரியாமல் கலந்த ஆல்பங்களில், பியானோவுக்குப் பின்னால் ஏதோ ஒரு தோல் கருவி ஓரமாக ஒலிப்பது மட்டும்தான் கேட்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

'சக்தி' குழுவின் முதல் ஆல்பத்தை ராத்திரி முழுவதும் கேட்டேன். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. ஜான் மெக்லாக்லின் கிடார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் வி.ராகவன். அப்போது சிவகங்கைச் சீமையும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 1985இல்தான் பிரிந்தது. எங்கள் மாவட்டத்து ஊர்ப்பெயரைத் தாங்கியவர் கடல் கடந்து அந்தத் தாளத்துக்கு அடித்தளம் போட்டிருக்கிறார் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. அடுத்த இரண்டு ஆல்பங்களில் அவர் இல்லை. என் காதுக்கு அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

முதல் பாட்டில் கிடாரும் வயலினும் ஒரே மூச்சில் ஓடுகின்றன. ஓட்டம் நின்றதும் கடத்தின் 'தொம்' அடிவயிற்றில் இறங்குகிறது. அதைக் கேட்கும்படி விட்டிருக்கிறார்களே, அதுதான் பெரிய விஷயம். மெக்லாக்லின் அதற்கு முன் நடத்திய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா மின்சாரக் கிடாரும் பில்லி காபமின் டிரம்ஸுமாக அதிரடியாய் ஒலித்த குழு. சக்தியில் டிரம்ஸ் செட் கிடையாது, பேஸ் கிடார் கிடையாது. குறுக்கே ஏழு ஆதாரத் தந்திகள் போட்ட, மின்சாரமில்லாத கிடாரை எடுத்துக்கொண்டு, மண்பாண்டத்தின் சத்தத்துக்கு அவர் இறங்கி வந்தார்.

1947இல் ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் 'மன்டேகா' பதிவில் கியூபாவின் சானோ போசோ கொங்கா வாசித்தபோது விஷயம் வேறு மாதிரி. பெரிய பித்தளை வாத்தியக் குழுவுக்கு நடுவே, தன் குரலைத் தாழ்த்தாமலே கொங்கா நின்றது.

ஜனவரி 27, சனி

மானாமதுரை போய் வந்தேன். கடத்துக்கான குடம் வனையும் இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஈரம் பாதி உலர்ந்த குடத்துக்குள் ஒரு கையால் உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டிக்கொண்டே சுற்றுகிறார்கள். சுவர் ஒரே கனமாக வரும்வரை தட்டல் நிற்பதில்லை. கனத்தில் கொஞ்சம் பிசகினாலும் நாதம் ஒரு பக்கம் செத்துவிடும். மற்ற ஊர்க் கடத்தைவிட இங்கத்தியது கனம். விரல் பட்டால் வெண்கலம் மாதிரி கணீரென்கிறது.

"சுருதி என்னன்னு சூளையிலிருந்து எடுத்தப்புறம்தான்ணே தெரியும்" என்றார் வனைந்துகொண்டிருந்த தங்கச்சி. வெந்த மண்ணின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. அதனால்தான் கடக்காரர்கள் பல குடங்களோடு ஊர் ஊராகப் போகிறார்கள். இந்த மண்ணைத் தட்டித் தட்டிப் பதப்படுத்திய மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. வாசித்தவருக்கு மட்டுமல்லாமல் வனைந்தவருக்கும் கிடைத்த மரியாதை அது.

பிப்ரவரி 5, திங்கள்

சக்தியின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்குக் கிராமி. மெக்லாக்லின், ஜாகிரோடு சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவுக்கு விக்குவின் மகன் செல்வகணேஷ். அப்பா விக்குவும் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் நைஜீரிய, பிரேசில், போர்ட்டோரிக்கக் கலைஞர்களோடு வாசித்தவர். உலக இசைக்கென்று கிராமி தொடங்கிய பிரிவில் முதன்முதலாகப் பரிசு வாங்கிய ஆல்பம் அது.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மானாமதுரையும் புதுக்கோட்டையும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். இந்த வறண்ட பூமியின் மண்ணும் தோலும் உலக மேடை ஏறிவிட்டன. தவில் மட்டும் ஏன் பின்தங்கியது?

பிப்ரவரி 11, ஞாயிறு

தவிலின் சத்தம்தான் காரணம் என்கிறார்கள். பலாமரக் கட்டை, இடந்தலையில் குச்சி, வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள். கிடாரும் தபலாவும் அதன் முன் நிற்காது என்பது உண்மை. ஆனால் அந்த வாதத்தை எங்கள் ஊர்க்காரர் எப்போதோ முறித்துவிட்டார். 1935இல் இங்கே பிறந்த குன்னக்குடி வைத்தியநாதன், வலையப்பட்டி ஏ.ஆர்.சுப்பிரமணியத்தின் தவிலைத் தன் வயலினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். மூவாயிரம் மேடைகளுக்கு மேல் இருவரும் சேர்ந்து வாசித்ததாகச் சொல்வார்கள். சபாக்காரர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தவில் அங்கே அடக்கி வாசிக்கவில்லை, வயலின்தான் ஒலிபெருக்கியின் துணையோடு எழுந்து வந்தது. நான் ஜனங்கள் பக்கம்தான்.

தவிலுக்கு ஏற்ற ஜாஸ் சக்தியின் அடக்கமான ஜாஸ் அல்ல. டிரம்பெட், டிராம்போன், முழு டிரம்ஸ் செட் எல்லாம் முழங்கும் ஜாஸ்தான் அதற்குச் சரியான ஜோடி. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்று, 1976இல் வந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்' ஆல்பத்தில் அதை வாசித்திருக்கிறார். நாகஸ்வரம் அங்கே போய்ச் சேர முடியுமானால், அதன் கூடப்பிறப்பான தவில் சேர முடியாதா?

ராத்திரி 'மன்டேகா'வைப் பக்கத்துத் தெருத் தவில்காரருக்குப் போட்டுக் காட்டினேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். இரண்டாம் முறை ஓடும்போது வாய்க்குள் சொல்லுக்கட்டு வந்துவிட்டது.

"அண்ணே, இதுக்கு நாலு நடையில ஆரம்பிச்சு நடுவுல திஸ்ரம் வச்சுக்கலாம். அவங்க பார் கணக்கை மட்டும் எனக்கு முன்னாடியே எண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. இடந்தலை மைக்கு நாலடி தள்ளி இருக்கணும்."

நான் எழுதிக்கொண்டேன்.