மற்றொரு மனிதர்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை இளங்கலை மாணவர்க்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். வரைவின்மகளிர்க்கும் சூதுக்கும் நடுவே வள்ளுவர் அதனை வைத்த முறைமையை விளக்குவதில் எனக்கு நல்ல பெயரும் உண்டு. அவ்விளக்கங்களுள் பலவற்றை முந்தைய இரவின் நாற்றத்தைக் கிராம்பு மென்று மறைத்துக்கொண்டுதான் நிகழ்த்தினேன். 2015இல் ஒருநாள், அகமதிப்பீட்டு ஏட்டில் கையொப்பம் பெற வந்த மாணவி முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு ஏட்டை நீட்டினாள். அதில் வெறுப்பு இல்லை, பழக்கம் இருந்தது. அவள் வீட்டிலும் என்னைப் போல் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

குடியை விட வேண்டும் என்பதில் அதன்பின் எனக்கு ஐயம் எழவில்லை. யாருடைய துணையோடு விடுவது என்பதில்தான் ஈராண்டுகள் கழிந்தன.

அம்மா காட்டிய வழி சபரிமலை. “மாலையைப் போடுடா, மத்ததை அவன் பாத்துக்குவான்” என்றாள். நான் நாத்திகன் அல்லன், போட்டேன். 41 நாள் விரதத்தில் ஒரு துளியும் தொடவில்லை. விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, மாலைப் பூசை, எதிர்ப்படுவோரெல்லாம் ‘சாமி’ என்றழைக்கும் மரியாதை. தெருவே காவலாக நின்றது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே குடித்தேன். விரதத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அது கேட்ட 41 நாளை நான் கொடுத்தேன். 42ஆம் நாளுக்கு என்னிடம் ஏதுமில்லை.

மறு ஆண்டும் மாலை போட்டேன். இம்முறை 27ஆம் நாள் தவறினேன். மாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குடித்தேன். பின் அதையே எடுத்து அணிந்துகொண்டு வீடு திரும்பினேன். மலைக்கும் போய்வந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பின் குடித்த குடியெல்லாம் அந்த ஒன்றை மறப்பதற்காகக் குடித்ததே.

2017இல் நிலைமை முற்றியது. நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். பத்து நாள் உள்நோயாளியாக இருந்தேன். எந்தக் குழுவை நாடுவோரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. வெளியே வரும்போது அவர் ஒரு முகவரியைத் தந்தார். அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடக்கும் இடம்.

1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்த இயக்கம் அது. இருவரும் குடிநோயாளிகள். ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறித்தவ இயக்கத்தின் வழியாக வந்தவர்கள். 1939இல் வெளியான அவர்களுடைய நூலில் உள்ள பன்னிரண்டு படிகளை வீட்டில் வாசித்தபோது எனக்குச் சலிப்பே ஏற்பட்டது. சரிபாதிப் படிகளில் கடவுளோ, கடவுளைக் குறிக்கும் வேறு சொல்லோ இருக்கிறது. அவரவர் புரிந்துகொண்டவாறான கடவுள் என்ற தளர்வு இருந்தாலும் கடவுள் கடவுள்தானே? கோயிலில் தோற்றவன் இன்னொரு கோயிலுக்கு ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன்.

விடை ஐந்தாம் படியில் இருந்தது. செய்த தவறுகளை அங்கே மூவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்: கடவுளிடம், தன்னிடம், மற்றொரு மனிதரிடம். முதல் இருவரிடமும் நான் எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. மூன்றாமவர்தாம் எனக்கு வாய்க்கவில்லை.

கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தனர். ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கொத்தனார். கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையை வாங்குவதுமில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கொத்தனார் எழுந்து, எட்டு மாதம் கழித்து முந்தாநாள் குடித்துவிட்டதாகச் சொன்னார். யாரும் அதிரவில்லை. திரும்பி வந்ததற்கு நன்றி சொன்னார்கள். அன்று பேசாமல் வந்தேன். ஆறாவது வாரம் அந்த 27ஆம் நாளைச் சொன்னேன்.

இதைக் கொண்டு அந்த வழியே சிறந்தது என்று முடிவுகட்ட மாட்டேன். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குடியைத் தொடர்ந்து தவிர்ப்பதில் இம்முறை பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையாத பலன் தருகிறது, சிலவற்றில் கூடுதலாகவும் தருகிறது என்றது. ஆயினும் அது மதஞ்சார்ந்த குழுக்களோடு வைத்துப் பார்த்த ஒப்பீடு அன்று.

என்னோடு ஓராண்டு வந்த கிறித்தவ நண்பர் ஒருவர், ‘புரிந்துகொண்டவாறான கடவுள்’ என்ற சொற்றொடரில் தம்மால் மண்டியிட முடியவில்லை என்று சொல்லிவிட்டு, தம் சபையின் ஜெபக்குழுவுக்குப் போனார். அவரும் இன்றுவரை குடிக்கவில்லை. கலிபோர்னியாவில் 1991இல் ‘செலிபிரேட் ரெக்கவரி’ என்ற கிறித்தவ மீட்புக் குழு தொடங்கப்பட்டதற்கும் இத்தகைய மனக்குறையே காரணம். இயேசுவைப் பெயர் சொல்லிப் பேச இடம் வேண்டும் என்று கருதியவர்கள் அதனை அமைத்தனர். பெயரில்லாத கடவுள் சிலருக்கு விடுதலை, சிலருக்கு வெறுங்காற்று.

ஆகவே என்னிடம் வழி கேட்டு வருவோரிடம், உங்கள் கடவுள் யார் என்று நான் கேட்பதில்லை. நீங்கள் போகும் இடத்தில் தவறியவன் மறுநாள் வந்து உண்மையைச் சொல்ல முடியுமா? மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? பணம் கேட்கிறார்களா? உங்களுக்கு முன்னே அதே குழியில் கிடந்து எழுந்தவர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், அது ஜெபக்கூடமாயினும் பஜனை மடமாயினும் வாடகை அறையாயினும் போகலாம் என்பேன்.

ஒன்பதாம் படி, தீங்கிழைக்கப்பட்டோரிடம் சென்று ஈடுசெய்வது. அம்மாவிடம் போனேன். மாலையோடு செய்த பிழையைச் சொல்லி முடிக்கும்வரை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்டா. சட்டையைத் துவைக்கையில பையில ஒரு துளசிமணி கெடந்துச்சு.”

“ஏம்மா கேக்கலை?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.” சற்றுப் பொறுத்து, “கழட்டி வச்சிட்டுத்தானே குடிச்ச? அந்தப் பயம் இருந்துச்சுல்ல” என்றாள்.

என் விரதம் தோற்றது தெய்வம் கேட்காததால் என்று நான் எண்ணியிருந்தேன். கேட்கக் காத்திருந்த மற்றொரு மனிதர் என் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறார். அந்த அறைக்குப் போயிராவிட்டால் அவரிடம் பேசும் நாவு எனக்கு வந்திராது என்பதும் உண்மை.

உறுப்பினர்கள் பொதுவெளியில் பெயர் சொல்லாதிருப்பது அக்குழுவின் மரபு. எனவே இக்கட்டுரையின் கீழ் என் பெயர் இல்லை. என் மாணவர் எவரேனும் அடையாளம் கண்டுகொண்டால், இனி முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று மட்டும் அறிக.