வெறுமையிலும் விசை உண்டு!

"நரிக்குடியா? அங்கே என்ன இருக்கிறது? வெறும் பொட்டல்தானே!" விடுதிக்கு வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூவரையும் இப்படிக் கேட்காதவர் இல்லை. வற்றிய கண்மாயையும் கருவேல மரங்களையும் தவிர எங்களுக்கும் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. தலை குனிந்தோம்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். ஒட்டிக்கொண்டன! நூலகத்தில் படித்த அரைகுறை அறிவோடு, "சிஸ்டர், இதுதான் காசிமிர் விசை!" என்று கூவினோம். சிஸ்டர் சிரித்துவிட்டார். "இல்லை பிள்ளைகளே, இடையில் உள்ள தண்ணீர்தான் பிடித்திருக்கிறது" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. பிறகு அவரே உண்மையை விளக்கினார்.

காற்றும் இல்லாத வெற்றிடத்தில், மின்னேற்றமில்லாத இரு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று நெருங்கும் என்று 1948-இல் ஹாலந்து விஞ்ஞானி ஹென்ட்ரிக் காசிமிர் கணக்கிட்டுச் சொன்னார். வெற்றிடத்திலும் ஒளியலைகளின் துடிப்பு முற்றும் அடங்குவதில்லையாம். தகடுகளின் நடுவே, அந்த இடுக்கில் பொருந்தும் அலைகளுக்கே இடமுண்டு. வெளியிலோ எல்லா அலைகளுக்கும் இடமுண்டு. ஆகவே வெளியிலிருந்து தள்ளும் தள்ளல் மிகுந்துவிடுகிறது. இடைவெளி பாதியானால் விசை 16 மடங்காகும். 1997-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் லாமரோ இதனை நுட்பமாக அளந்து காட்டினார்.

வெப்பத்தால் பிறக்கும் ஒளித்துகள்களும் இவ்விசைக்குத் துணை நிற்கின்றன. இடைவெளி சில மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு ஆகும்போது, அவற்றின் பங்கே ஓங்கிவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தார் இதை அளந்து 2011-இல் வெளியிட்டனர். அத்தகைய ஒளித்துகள்களை எண்ணும் முறையை 1924-இல் டாக்காவிலிருந்து உலகுக்குத் தந்தவர் நம் சத்யேந்திரநாத் போஸ் என்று சிஸ்டர் சொன்னபோது, எங்கள் வெட்கம் பறந்தது.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி நடந்தோம். முதல் மழை பெய்ததும் இந்த மண்ணிலிருந்துதான் தவளைகள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத விதையெல்லாம் முளைக்கும். இதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தும், "ஒன்றுமில்லை" என்றல்லவா சொல்லி வந்தோம்!

தோழியரே, இனி எங்கள் ஊரைப் பற்றிக் கேளுங்கள். தலை நிமிர்ந்தே பதில் சொல்வோம்.

- பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி