தொடாது விட்ட வெண்மை

ஐரோப்பியத் தேவாலயம் என்றதும் வண்ணக் கண்ணாடியும் சிற்ப வரிசையும் நம் நினைவில் எழுவது இயல்பு. ஹாலந்தின் பழைய தேவாலயங்கள் பலவற்றில் இவற்றைத் தேடுவோர் ஏமாறுவர். 1566இல் எழுந்த உருவ எதிர்ப்புக் கிளர்ச்சியில் சிலைகள் பல உடைபட்டன. பின்னர் வந்த சீர்திருத்தச் சபையினர் சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். எஞ்சியவை தூண்களும், பிரசங்க மேடையும், பித்தளைச் சரவிளக்கும், நெடிய சாளரங்களின் வழியே இறங்கும் ஒளியுமே. மிஹ்ராபும் மிம்பரும் அன்றி வேறு அணியில்லாத பள்ளியில் தொழுது பழகிய நமக்கு, படங்களில் காணும் அக்கூடங்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தீட்டிப் பெயர் பெற்றவர் ஹேக் நகரத்து யோஹானஸ் போஸ்போம் (1817–1891). வண்ணத்தில் வல்லவர். ஆயினும், தூண்களுக்கிடையே 17ஆம் நூற்றாண்டு உடையில் மாந்தரை அவர் நிறுத்தும்போது நாடக மேடையே நம் நினைவுக்கு வருகிறது.

நம்மைக் கவர்ந்தவை 'எட்சிங்' என்னும் அரிப்போவியங்களே. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளில் அழுத்தி எடுப்பர். இக்கலையில் வெள்ளை என்றொரு வண்ணமே இல்லை. ஓவியன் தொடாது விட்ட தாளே வெண்சுவர். கையை அடக்கியே அதைப் பெறவேண்டும். உருவங்களை நீக்கிய கட்டடத்துக்கு இதனினும் பொருந்தும் கலை உண்டோ?

1885இல் தோன்றி 1896 வரை இயங்கிய நெதர்லாந்து அரிப்போவியர் சங்கம் இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டியது. அதனைத் தொடங்கியோருள் ஒருவரான வில்லம் விட்சென் (1860–1923) டோர்ட்ரெக்ட் நகரின் கால்வாய்க் கரைகளை ஆளரவமின்றி வரைந்தார். நீரோரம் நிற்கும் அந்நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கோபுரம், அடிமண் தாங்காது சாயவே, உச்சி முடிக்கப்படாமல் நின்றுபோயிற்று. 1626இல் நான்கு கடிகார முகங்களை மேலே வைத்து அமைந்துவிட்டனர்.

இத்தகைய படங்களை நம் இல்லத்தில் புரட்டிய மாமா, "ஆளே இல்லாத இடத்தை இத்தனை பாடுபட்டு வரைவானேன்?" என்றார்.

"ஜமாஅத் கலைந்தபின், லுஹருக்கும் அஸருக்கும் நடுவே, பள்ளியில் தனியே அமர்ந்ததில்லையா மாமா?" என்றோம்.

அவர் ஒரு கூடத்தின் படத்தை மீண்டும் எடுத்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில் கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நேராக வரைந்தது தாளில் இடம் வலமாகிவிடும். அந்த ஓவியர் தகட்டிலேயே மாற்றி வரைந்தாரா என்பதை அறியாமல் திசை சொல்ல இயலாது என்றோம். மாமா தாளைத் திருப்பிச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்து, பின்புறமாகப் பார்க்கலானார்.